காவேரிக்கரைக் குடித்தனங்கள்

சென்னைப் பட்டணத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்த அநுபவம் உங்களுக்கு உண்டா? உங்களுக்கு இல்லாவிட்டால் உங்கள் தாயாருக்கோ பாட்டிக்கோ கட்டாயம் இருந்திருக்கும். ஒரே வீடு, ஏழு குடித்தனம், முற்றத்தில் ஒரே ஒரு குழாய். விடியற்காலை நாலு மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். இன்னார் இன்ன நேரத்துக்கு வரவேண்டும், இத்தனை குடம் பிடிக்கவேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று நடக்கும். அந்தச் சட்டத்தை மீறி, குழாயடியிலேயே எச்சில் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் போகிற ஒரு குடித்தனமும் எந்த வீட்டிலும் தவறாமல் இருக்கும்!

அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். இந்த வீட்டுக்குக் கூரை கிடையாது. முற்றத்தின் நடுவில் குழாய்க்குப் பதிலாகக் காவேரி ஓடுகிறது. குடித்தனக்காரர்களில் சிலருக்கு இறகு உண்டு. சிலருக்கு வால் உண்டு. ஒருவருக்குத் தும்பிக்கையே உண்டு. எச்சில் பாத்திரம் போடுகிற குடித்தனம் எது என்பதை வழியில் நீங்களே தெரிந்து கொள்வீர்கள்.

தர்மபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நேரில் பார்க்காதவர்கள் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். அருவி, பரிசல், எண்ணெய் மாலீஷ், சுடச்சுட வறுத்த மீன் - இந்த நாலும் ஆகிவிட்டால் ஒகேனக்கல் முடிந்தது என்று நினைத்து நானும் இரண்டு தடவை போய்த் திரும்பியிருக்கிறேன். மூன்றாவது தடவை, பங்குனி மாதக் கடைசியில், வெயில் தலைகாட்டத் தொடங்கிய சமயத்தில் போனபோதுதான் நான் பார்த்ததெல்லாம் வாசல் திண்ணை மட்டுமே என்று தெரிந்தது.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் என் பெரியம்மா. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டு மைல் நடந்துவிட்டு வந்து, "ஏன் கண்ணு, களைச்சுட்டியா?" என்று என்னைக் கேட்பாள். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. சிரிப்பு வந்தால் சட்டென்று முந்தானைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொள்வாள். சின்ன வயதில் நான் அதை வெட்கம் என்று நினைத்தேன். வெட்கந்தான், ஆனால் காரணம் வேறு. அவளுடைய பற்களில் பழுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். விளக்கமாற்றுக் குச்சியால் இழுத்தது போல் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். அவள் மட்டும் அல்ல. அந்தப் பக்கத்தில் அவள் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். காரணம், அவர்கள் குழந்தையாயிருந்தபோது குடித்த கிணற்றுத் தண்ணீர். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். இப்போது விடியப் போகிறது, கிளம்பலாம், வாருங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நாம் போகிற இடம் பூங்கா அல்ல, சரணாலயம். ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014-ஆம் ஆண்டில் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பிறகு 2022 நவம்பரில், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மேலும் 686 சதுர கிலோமீட்டர் காட்டைச் சேர்த்துக் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று பெயரிட்டார்கள். இது தமிழ்நாட்டின் பதினேழாவது வனவிலங்குச் சரணாலயம். ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகத்தாரும் 1987-லேயே தங்கள் பக்கத்துக் காட்டைச் சரணாலயமாக்கிவிட்டார்கள். ஆகவே இந்தக் காட்டுக்குள் நம் இஷ்டத்துக்குக் கால் வைக்க முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். வழிகாட்ட அவர்களுடைய காவலர் ஒருவரும் வேண்டும்.

எங்களுக்கு வந்த காவலர் மெலிந்த, கறுத்த இளைஞர். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு வெகு மரியாதையாகச் சொன்னார்: "அக்கா, தலையில இருக்கிற மல்லிகைப்பூவைக் கழட்டி வெச்சிருங்க. சென்ட்டு போட்டிருந்தா நாளைக்கு வாங்க. இந்தச் செவப்புப் பொடவையும் வேணாம்."

பெரியம்மா முந்தானைக்குள் சிரித்தாள். நான் பெரியம்மாவின் பழைய காவி நிறப் புடவை ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டேன். பூவைக் கழற்றி வைத்தேன். இப்படியாக, குடித்தனத்துக்குள் நுழைவதற்கான முதல் சட்டத்துக்கு நான் கட்டுப்பட்டேன்.

காலை ஐந்தரை மணி. கிழக்கே வானம் கழுவின பாத்திரம் போல் வெளுத்துக்கொண்டிருந்தது. நீரோட்டத்துக்கு எதிர்த் திசையில், கரையோரமாக, ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். முன்னால் காவலர், நடுவில் பெரியம்மா, கடைசியில் நான்.

ஆடிப் பதினெட்டில் இங்கே வந்திருக்கிறீர்களா? அப்போது ஆறு கரை புரண்டு போகும். அருவியிலிருந்து எழும்பும் நீர்த் திவலை புகை மாதிரி மேலே போகும். 'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. புகைகிற கல் என்பதுதான் ஒகேனக்கல் ஆயிற்று. பெருக்கின்போது நாம் பார்ப்பது தண்ணீரை மட்டுந்தான். பங்குனியிலோ தண்ணீர் வடிந்து, பாறைகள் முதுகைக் காட்டுகின்றன. நடுவில் மணல் திட்டுகள் எழும்புகின்றன. காட்டுக்குள் ஓடைகளும் குட்டைகளும் வற்றிப் போவதால், காட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் போக்கிடம் இந்த ஆறு ஒன்றுதான். யார் யார் இந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கக் கோடைகாலத்தைவிட நல்ல சமயம் இல்லை.

ஈரநிலம் என்று சொன்னால் நமக்கு வேடந்தாங்கல் ஏரியும் பள்ளிக்கரணையும் கோடியக்கரையுந்தான் ஞாபகம் வரும். ஓடுகிற ஆறும் ஈரநிலந்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1971-ஆம் ஆண்டில் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் செய்துகொண்ட சர்வதேச உடன்படிக்கையில், ஏரி, சதுப்பு, கழிமுகம் இவற்றோடு ஓடும் நீரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். வேடந்தாங்கலில் கூட்டம் சேர்வது பனிக்காலத்தில். இங்கே கூட்டம் சேர்வது கோடையில்.

முதலில் எங்களை வரவேற்றது ஒரு திட்டு! ஆம், வசவுதான். கூழாங்கல் பரப்பில் காலை வைத்தோமோ இல்லையோ, 'ட்டிட்டி-ட்டீ! ட்டிட்டி-ட்டீ!' என்று கத்திக்கொண்டு ஒரு பறவை எங்கள் தலைக்குமேல் வட்டமிட்டது. மஞ்சள் கால், கறுப்புக் கழுத்து, கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல். ஆள்காட்டிக் குருவி. வேட்டைக்காரன் வந்தால் காடு முழுவதுக்கும் காட்டிக்கொடுத்து விடுவதால் இதற்கு இந்தப் பெயர். குழாயடியில் நின்றுகொண்டு, வந்தவர் போனவர் எல்லோரையும் அதட்டுகிற மாமி ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருந்திருப்பாளே, அவளேதான் இது!

"கீழே பாத்து கால வையுங்க" என்றார் காவலர். குனிந்து பார்த்தேன். கற்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மா விரலை நீட்டினாள். என் கால் பெருவிரலுக்கு ஒரு முழ தூரத்தில் நாலு முட்டைகள்! கூழாங்கல் நிறம், கூழாங்கல் போலவே புள்ளிகள். கூடு என்று ஒன்றும் இல்லை. தரையில் லேசான பள்ளம், அவ்வளவுதான். கோடை வெயிலில் இந்தக் கற்கள் தோசைக் கல்லாகக் காயுமே, முட்டை வெந்து போகாதா? தாய்ப் பறவை ஆற்றுக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருமாம். காய்ச்சல்காரக் குழந்தைக்கு நெற்றியில் ஈரத் துணி போடுகிறோமே, அந்த வைத்தியந்தான். நாங்கள் தூரமாக விலகிப் போனபிறகே மாமி அதட்டலை நிறுத்தினாள்.

சற்று தூரம் போனதும் மணலில் பெரிய பெரிய வட்டங்கள் பதிந்திருந்தன. அம்மிக் கல்லைத் தூக்கித் தூக்கி வைத்தது போல் ஒரு வரிசை. அதன் பக்கத்திலேயே சின்னக் குழவிக் கல்லை வைத்தது போல் இன்னொரு வரிசை. யானையும் அதன் குட்டியும்! காவலர் மணலைத் தொட்டுப் பார்த்தார். தடத்தின் ஓரம் இன்னும் உதிரவில்லை. "ராத்திரி வந்து குடிச்சிட்டுப் போயிருக்கு. இப்ப மேல ஏறியிருக்கும்" என்றார். எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. பெரியம்மாவோ அந்தப் பெரிய தடத்தை நோக்கிக் கைகூப்பிவிட்டு நடந்தாள். வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். குட்டைகள் வற்றின மாதத்தில் அதற்கு இந்த ஆற்றைவிட்டால் வேறு வழி கிடையாது. இரவில் வந்து, யாரையும் தொந்தரவு செய்யாமல் பிடிக்கிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போகிற குடித்தனம் இது.

இதற்குள் வெளிச்சம் நன்றாகப் பரவிவிட்டது. கரையில் ஓங்கி நின்ற நீர்மருத மரங்களின் வெள்ளைப் பட்டைகளில் வெயில் பட்டது. காவலர் வாயில் விரலை வைத்துவிட்டு மேலே காட்டினார். இலைக் கொத்து ஒன்று அசைந்தது. சாம்பல் நிறத்தில், வீட்டுப் பூனை அளவுக்கு ஓர் அணில்! வால் மட்டுமே உடம்பு நீளம் இருக்கும். இதற்குச் சாம்பல் நிற மலை அணில் என்று பெயர். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயம் இதற்காகவே ஏற்பட்டது. அங்கே போக முடியாதவர்கள் இந்தக் காவேரிக்கரை மரங்களில் இதைப் பார்க்கலாம். மாடிக் குடித்தனக்காரர், கீழே இறங்குவது அபூர்வம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கிளை வழியாகவே போய்விடுவார். நடுவில் நாலு மரத்தை வெட்டிவிட்டால், மாடிப்படியை இடித்தது மாதிரி, அவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

"அதோ கட்டை" என்றேன் நான், ஆற்று நடுவில் இருந்த மணல் திட்டைக் காட்டி.

"கட்டை இல்லக்கா" என்றார் காவலர்.

கட்டை வாயைத் திறந்தது! பத்தடி நீளத்துக்கு ஒரு முதலை. வெயில் ஏறினதும் உடம்பைக் காய்ச்சிக்கொள்ள மேலே வந்து படுத்திருக்கிறது. வாயைத் திறந்து வைத்துக்கொள்வது நம்மை மிரட்டுவதற்காக அல்ல. உடம்புச் சூட்டைச் சரிப்படுத்திக்கொள்ள. ஒரு காலத்தில் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு, நம் நாட்டு ஆறுகளில் முதலையே இல்லாமல் போகிற நிலைமை வந்துவிட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல் முதலைகளைக் காப்பாற்றவென்றே மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கிற்று. ஒகேனக்கல்லிலும் வனத்துறையார் முதலைகளுக்கு மறுவாழ்வு மையம் வைத்திருக்கிறார்கள். அங்கே கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு முதலைமேல் ஒரு முதலை படுத்திருப்பதைப் பயமில்லாமல் பார்க்கலாம்.

பெண்களாகிய நமக்கு முதலையைப் பற்றித் தெரியவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. கோடைத் தொடக்கத்தில் மணலில் குழி பறித்து முட்டையிடும் தாய், சுமார் இரண்டு மாதம் பக்கத்திலேயே காவல் காக்கும். உள்ளேயிருந்து குஞ்சுகள் குரல் கொடுத்ததும் மணலைத் தோண்டி அவற்றை வெளியே எடுக்கும். எருமைக் காலை ஒடிக்கிற அதே பற்களுக்கு நடுவில், ஒரு கீறல்கூடப் படாமல், குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடும். இதைக் கேட்ட பெரியம்மா, "பெத்தவ இல்லியா!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஏழு மணி ஆகியிருக்கும். ஆற்று நடுப் பாறை ஒன்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துத் துணி உலர்த்திக்கொண்டிருந்தன. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்குமேல் ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு நின்று, பிறகு கல் விழுவது போல் விழுந்தது. நாங்கள் ஒரு புங்க மரத்து நிழலில் உட்கார்ந்தோம். பெரியம்மா முடிச்சிலிருந்து பொரிகடலையை எடுத்தாள். அப்போது தண்ணீரில் 'கீச், கீச்' என்று ஒரு சத்தம். ஏதோ பறவை என்று நினைத்தேன். காவலர் என் தோளுக்கு மேலாக மெதுவாகச் சொன்னார்: "வந்துட்டாங்க."

முதலில் ஒரு தலை, பிறகு இரண்டு, பிறகு ஆறு! தட்டையான தலை, மீசை, பளபளவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி பழுப்பு உடம்பு. நீர்நாய்க் குடும்பம்! அம்மா, அப்பா, போன வருஷத்துப் பிள்ளைகள், இந்த வருஷத்துக் குட்டிகள் என்று கூட்டுக் குடும்பமாக வாழ்கிற பிராணி இது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துக் கரைப் பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்தன. ஒன்று ஒரு கெண்டையை வாயில் கவ்விக்கொண்டு பாறைமேல் ஏறி, முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து 'கறுக் கறுக்' என்று கடித்துத் தின்றது. ஒரு குட்டி அதைப் பிடுங்கப் பார்த்தது. கிடைக்கவில்லை. உடனே பாறையின் வழுக்குப் பக்கமாகப் போய், வயிற்றால் சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. ஏறிற்று; மறுபடியும் சறுக்கிற்று. மூன்றாவது தடவை கூடப்பிறந்தது ஒன்று பின்னாலிருந்து தள்ளிவிட, தலைகுப்புற விழுந்து, எழுந்து, பெருங்குரலில் அம்மாவிடம் புகார் செய்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

என் பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானை தோளிலேயே கிடந்தது. நாற்பது வருஷத்தில் அவளுடைய பற்களை நான் முழுசாகப் பார்த்தது அன்றுதான்.

நீர்நாய் நமக்குப் புதிய பிராணி அல்ல. வாளை மீனை அன்றைய இரையாகப் பெறுகிற நீர்நாயை ஐங்குறுநூற்றின் மருதத்திணைப் பாடல் ஒன்றிலேயே பார்க்கலாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்க் குளங்களில் சகஜமாக இருந்தது, இன்று பார்ப்பதற்குக் காட்டுக்குள் விடியற்காலையில் வரவேண்டியிருக்கிறது. தோலுக்காக வேட்டையாடினோம், மணலை அள்ளினோம், வளை தோண்டுகிற கரையைச் சிமெண்டு போட்டு மூடினோம். உலகம் முழுவதுமே இந்த ஜாதி நீர்நாய் குறைந்துவிட்டதால், இதை விற்கவோ வாங்கவோ கூடாது என்று 2019-ல் சர்வதேசத் தடை விதித்திருக்கிறார்கள்.

நீர்நாய்கள் போனபிறகு அவை உட்கார்ந்திருந்த கரைப் பாறைக்குப் போனோம். பாறை முழுவதும் மீன் செதில். நீர்நாய்க் குடும்பம் எச்சமிடுவதற்கென்று ஓர் இடம் வைத்துக்கொள்ளும். அதை வைத்துத்தான் காவலர்கள் கணக்கெடுக்கிறார்கள். அந்தச் செதில்களுக்கு நடுவில் பச்சை நிறத்தில் ஏதோ மின்னிற்று. நைலான் வலை நூல். அதற்குப் பக்கத்தில் பாறை இடுக்கில் ஷாம்பூப் பொட்டலம், ஒன்றல்ல, ஒரு கை நிறைய. அதற்கும் அடுத்து, உடைந்த பாட்டிலின் கழுத்து. குட்டி சறுக்கி விளையாடின இடத்துக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு முழந்தான் இருக்கும்.

எச்சில் பாத்திரம் போடுகிற குடித்தனம் எது என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா? யானை அல்ல, முதலை அல்ல. நாம்தான்! பெருக்கு வந்தபோது எங்கேயோ, எந்தப் படித்துறையிலோ நாம் போட்டுவிட்டு வந்த சாமான்கள் இவ்வளவு தூரம் வந்து ஒதுங்கியிருக்கின்றன.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. முந்தின இரண்டு தடவையும் நான் இங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்தேனே, கிழித்த பொட்டலத்தை எங்கே போட்டேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராத இடத்தில்தான் போட்டிருப்பேன்.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். கண்ணாடியை மட்டும் காவலர் தம் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது, பரிசல் துறைக்குப் பக்கத்தில் பரிசலோட்டி ஒருவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார். மூங்கில் பிளாச்சைப் பின்னி, முன்காலத்தில் தோலைப் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. அவரிடம் நீர்நாய் பார்த்த சந்தோஷத்தைச் சொன்னேன்.

"உங்களுக்கு வேடிக்கைம்மா. எனக்கு வலை போச்சு" என்றார். "ஆயிரக்கணக்கில் காசு போட்டு வாங்கின வலையைக் கடிச்சுப் போட்டுட்டு மீனை எடுத்துட்டுப் போயிடுது."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வலை கிழிந்தால் அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? ஆனால் அவரே ஒரு நிமிஷம் கழித்து, தார்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அது இல்லாத ஆத்துல எனக்கு என்ன வேலை? அது இருந்தா மீன் இருக்குன்னு அர்த்தம்."

இப்போது பெரியம்மாவின் பல்லுக்கு வருகிறேன். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்தான் இன்றைய தர்மபுரி என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சீமையின் நிலத்தடிப் பாறையில் ஃபுளோரைடு என்ற உப்பு பல இடங்களில் அதிகம். குடிக்கிற தண்ணீரில் அது லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. போனால், பல் முளைக்கிற வயதுக் குழந்தைகளுக்குப் பல்லில் கறை ஏறும். இன்னும் அதிகமானால் எலும்பும் மூட்டும் கெட்டுப்போகும். வீட்டுப் பெண்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தண்ணீரைக் கொதிக்கவைப்பதால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். பெரியம்மாவைப் பெற்றவள் எத்தனை வடிகட்டி, எத்தனை காய்ச்சிக் கொடுத்தும் பிரயோசனப்படவில்லை.

கூப்பிடு தூரத்தில் காவேரி ஓடியும் அந்தத் தண்ணீர் வெகுகாலம் அவர்கள் குடத்துக்கு வரவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் தேசத்தின் கடனுதவியோடு வேலை நடந்து, 2013-ல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் குழாய் வழியாகக் காவேரி வந்தது. பெரியம்மாவின் பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. குழாய்த் தண்ணீர் குடித்தே வளர்ந்தவள். அவள் சிரித்தால் அரிசியைக் கோத்து வைத்த மாதிரி இருக்கிறது.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அந்தப் பெண் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தன்னை விட்டுவிட்டுப் போனதில் கோபம். நீர்நாய்க் குட்டி சறுக்கின கதையைச் சொன்னதும் கோபம் பறந்துவிட்டது. குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து எனக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"அத்தை, அப்ப நீர்நாயும் நம்ம தண்ணியத்தான் குடிக்குதா?"

பெரியம்மா மடியை அவிழ்த்துப் பொட்டலங்களைக் குப்பைக் கூடையில் கொட்டிக்கொண்டே பதில் சொன்னாள்: "அது முந்தியே இருந்துச்சுடி. நாமதான் அது தண்ணியக் குடிக்கறோம்."

நேயர்களே, நீங்களும் ஒரு தடவை போய்வாருங்கள். சென்னையிலிருந்து சேலம் போகிற ரயில்களில் சில மொரப்பூரில் நிற்கும். அங்கிருந்து தர்மபுரி, தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் 46 கிலோமீட்டர். பென்னாகரத்தைத் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். பங்குனி, சித்திரையானால் விடியற்காலையில் எழுந்திருங்கள். காட்டுக்குள் போக அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஊருக்குள்ளேயே, அனுமதித்த கரையில் பேசாமல் அரைமணி நேரம் உட்கார்ந்தால் நீர்க்காகமும் மீன்கொத்தியும் நிச்சயம். குளிக்க அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். முதலைக்கு நம் விலாசம் தெரியவேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சீயக்காயைத் துணியில் முடிந்துகொண்டு போங்கள். பொட்டலம் கொண்டு போனால், காலிப் பொட்டலத்தைக் கைப்பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். கூட வருகிற ஆண்பிள்ளைகளின் பாட்டில் விவகாரத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டியதும் நம் பொறுப்புத்தான். வேறு யார் சொன்னால் கேட்பார்கள்?

ஒண்டுக் குடித்தனத்தில் இருந்த பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். குழாயடியைக் கழுவி விட்டுப் போகிறவளுக்குத்தான் மறுநாள் வரிசையில் மரியாதையாக இடம் கொடுப்பார்கள்.